புயல் வருமுன் கப்பியை மாட்டுங்கள்

2020 டிசம்பர் 4-ஆம் தேதி காலை. புரெவி புயல் திரிகோணமலைப் பக்கம் கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, வலுவிழந்து, நம் இராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் தேதி ராத்திரி போன கரண்ட் வரவில்லை. உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் மட்டும் பேன் சுற்றியது, இரண்டு பல்பு எரிந்தது. இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் மேல்தொட்டி முந்தின நாள் சாயங்காலமே காலி. மாட்டுத் தொட்டியில் அடி மண்டிதான் கிடந்தது. இறவாரத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் அடுப்படிக்கே காணவில்லை. மூன்று மாடும் கன்றுகளும் கத்திக்கொண்டே இருந்தன. வீட்டிலிருந்து இருபத்தைந்து அடியில் கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். மழையில் ஊறி எட்டு அடிக்கு ஏறி வந்துவிட்டது. ஆனால் பாம்பு விழுகிறது, பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கிணற்று வாயில் இரும்பு வலை போட்டு, வெல்டிங் வைத்து மூடியிருந்தேன். உள்ளே போவது மோட்டார் குழாய் ஒன்றுதான். கப்பியும் இல்லை, கயிறும் இல்லை.

குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பியதைப் பார்த்து அடுத்த தோட்டத்து அம்மா கேட்டார்: "என்ன பேங்க் சார், கெணத்துல தண்ணிய நெறையப் போட்டுட்டுக் கொடத்தத் தூக்கிக்கிட்டு எங்க போறீக?"

அவர் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. கிணற்றில் கப்பி இருந்தது. அன்றைக்கு எங்கள் மாடுகள் குடித்தது அவர் வீட்டுத் தண்ணீர். பன்னிரண்டு குடம். அவருடைய மகன் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து ஊற்றினான்.

நான் 1981-இல் வங்கி வேலைக்குச் சேர்ந்தவன். பம்புசெட் கடனுக்கு எத்தனை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கமலையும் ஏற்றமும் போய் மோட்டார் வந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. மோட்டார் வந்தது தப்பில்லை. மோட்டார் வந்ததும் கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோமே, அதுதான் தப்பு.

கஜாவில் பார்த்தும் படிக்காத பாடம்

இதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்பெல்லாம் வாரிப் போட்ட மாதிரி கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் உள்ளே தள்ளியிருந்த கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

எங்கள் சம்பந்தி வீடு பேராவூரணிப் பக்கம். நாலாம் நாள் ஒரு வேனில் மெழுகுவத்தி, பிஸ்கட், ரொட்டி, போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். சம்பந்தி இறக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் சரிதான் சம்பந்தி. ஒரு ஜெனரேட்டர் கெடைக்குமான்னு பாத்திருக்கலாம். தண்ணிதான் ஏத்த முடியல." அந்த ஊரில் ஜெனரேட்டரை டிராக்டரில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய், மணிக்கு இவ்வளவு வாடகை என்று பேசித் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். போர் முந்நூறு அடி. கையால் இறைக்க வழியில்லை.

அதைக் கண்ணால் பார்த்தும், ஊர் திரும்பி நான் செய்தது ஒரு இன்வெர்ட்டர் வாங்கியது. கரண்ட் போனால் இருட்டு என்றுதான் மனசு நினைத்தது. நம் வாழ்க்கையில் கரண்ட் என்பது முதலில் தண்ணீர், அப்புறம்தான் வெளிச்சம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிற விவரம்.

நமக்கு ஏன் கடைசியில் வருகிறது?

புயலுக்குப் பிறகு மின்வாரியம் வேலை செய்கிற வரிசை ஒன்று உண்டு. முதலில் உயரழுத்தக் கோபுரங்கள், துணை மின்நிலையங்கள். அடுத்து ஆஸ்பத்திரி, குடிநீர் ஏற்றும் நிலையங்கள், நகரங்கள். பிறகு ஊர் டிரான்ஸ்பார்மர். கடைசியில் அதிலிருந்து தோட்டத்துக்குப் போகிற கம்பி. இதைக் குறை சொல்ல முடியாது. ஆயிரம் வீட்டுக்கு வெளிச்சம் தருகிற கம்பியை விட்டுவிட்டு, ஒரு வீட்டுக்குப் போகிற கம்பியை யார் முதலில் இழுப்பார்கள்? ஊருக்குள் மூன்று நாளில் கரண்ட் வந்தால் தோட்டத்து வீட்டுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வதுதான் விவேகம்.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் குடிநீர் வருவது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, நீரேற்று நிலையம் நிலையமாகப் பம்ப் செய்து அனுப்புகிறார்கள். வழியில் எங்கே கரண்ட் நின்றாலும் நம் குழாயில் காற்றுதான் வரும்.

ஏழு நாள் தண்ணீர்க் கணக்கு

வங்கிக்காரன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சம் 15 லிட்டர். ஐந்து பேர் என்றால் 75 லிட்டர். நாட்டு மாடு ஒன்றுக்கு 40 லிட்டர் வீதம் மூன்றுக்கு 120. ஆடு ஒன்றுக்கு 5 லிட்டர் வீதம் பத்துக்கு 50. ஆக ஒரு நாளைக்கு 245 லிட்டர், ஏழு நாளைக்கு 1,715 லிட்டர்.

அதாவது 2,000 லிட்டர் தொட்டி ஒன்று தனியாக இருந்து, புயல் செய்தி வந்த அன்றைக்கே நிறைந்திருந்தால் ஒரு வாரம் யார் வீட்டுக்கும் குடம் தூக்க வேண்டாம். சிமெண்ட் உறைத் தொட்டியும் போதும். தரையில் இருப்பதே நல்லது. உயரத்தில் இருக்கிற காலித் தொட்டியைக் காற்று தூக்கிப் போட்டுவிடும்.

மழைத்தண்ணீரை மறந்துவிடக் கூடாது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி என்பது சுமார் 55 சதுர மீட்டர். 5 செ.மீ. மழைக்கு 2,750 லிட்டர். சிந்தியது போக 2,000 லிட்டருக்குக் குறையாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புயலே நமக்கு வேண்டிய தண்ணீரைக் கொண்டுவந்து கூரையில் இறக்குகிறது. மழைநீர் சேகரிப்புக் குழாய் பல வீட்டில் நேராக மண்ணுக்குள் போகிறது. அதில் ஒரு டி-பைப்பும் வால்வும் வைத்து டிரம்முக்குத் திருப்பினால் போதும். முதல் பத்து நிமிஷத் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள். பறவை எச்சமும் தூசியும் அதோடு போய்விடும்.

எடுக்கும் வழி

கிணறு இருப்பவர்களுக்குக் கப்பி, கயிறு, வாளி. இதைவிட மலிவான காப்பீடு நான் முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை. எங்கள் வலையில் இப்போது கொக்கிப் பூட்டு வைத்த கதவு ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு நாள் அதைத் திறந்து கப்பியில் இறைக்கிறோம். கயிறு உளுத்துப்போனது தெரிவதும் அப்போதுதான்.

ஆழ்துளைக் கிணறு மட்டும் உள்ளவர்கள் ஊர் அடிபம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பல ஊரில் வாஷர் தேய்ந்து வருஷக்கணக்கில் கிடக்கும். புரட்டாசியிலேயே ஊராட்சியில் சொல்லிச் சரிசெய்ய வைக்கலாம்.

ஜெனரேட்டர் என்றால் ஒரு எச்.பி. மோட்டாருக்கே இரண்டரை, மூன்று கே.வி.ஏ. வேண்டும், மோட்டார் கிளம்புகிற நேரத்தில் பல மடங்கு இழுக்கும். தனியாக வாங்குவதைவிட நாலைந்து வீடு சேர்ந்து வாங்கலாம். அதை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ ஓட்டக் கூடாது. அந்தப் புகையில் உள்ள விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுப்பதும் கூடாது. நம் கரண்ட் பின்பக்கமாகக் கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்கிற ஊழியரைக் கொல்லும்.

குடிக்கிற தண்ணீருக்கு நம் ஊருணி வழக்கம் நமக்குத் தெரியும். தேத்தாங்கொட்டையைப் பானையில் உரசினால் கலங்கல் தெளியும். ஆனால் கிருமி சாகாது. தெளிந்ததைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு எடுக்கலாம். கடல் தண்ணீர் ஏறிய கிணற்றை இது சரியாக்காது. அதை இறைத்துத்தான் மாற்ற வேண்டும்.

கூரையில் சோலார், வீட்டில் இருட்டு

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிற மாவட்டம் நம்முடையது. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. மானியம் வந்த பிறகு வீட்டுக் கூரையிலும் நிறையப் பேர் சோலார் போடுகிறார்கள். ஒரு நண்பர் போட்டிருந்தார். கரண்ட் போன அன்றைக்கு அவர் வீடும் இருட்டு. "ஏமாத்திட்டாங்கப்பா" என்று புலம்பினார்.

யாரும் ஏமாற்றவில்லை. வாங்கும்போது அவர் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. மின்வாரிய லைனோடு சேர்த்துப் பேட்டரி இல்லாமல் போடுகிற அமைப்பு, லைனில் கரண்ட் நின்றதும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறுகிற ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். புயல் நாளுக்கும் வேண்டும் என்றால், பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

சோலார் பம்புசெட் விஷயம் வேறு. லைனோடு சேராமல் தனியாக ஓடுவது கரண்ட் போனாலும் ஓடும். வேளாண் பொறியியல் துறை 60 சதவீத மானியத்தில் தருகிறது. புயலடித்து இரண்டு நாள் மேகமாக இருந்தால் தண்ணீர் குறைவாகத்தான் வரும். ஆகவே சோலார் இருந்தாலும் கப்பியைக் கழற்ற வேண்டாம்.

பேட்டரிக்கு ஒரு பட்ஜெட்

12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரியில் முழுசாக இருப்பது 1,800 வாட்-மணி. அடிவரை காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் சாகும். நாம் எடுக்கக்கூடியது சுமார் 1,000 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட். இதுதான் கையிருப்பு.

பழைய மாடல் பேன் 75 வாட். அது ஒன்று மட்டும் ஓடினாலே பதிமூன்று மணி நேரத்தில் கணக்கு முடிந்தது. பி.எல்.டி.சி. பேன் 30 வாட். முப்பத்து மூன்று மணி நேரம் வரும். 9 வாட் எல்.இ.டி. பல்பு நூறு மணி நேரத்துக்கு மேல். போன் சார்ஜ் ஒரு தடவைக்கு 15 வாட்-மணி. நான் புரெவியில் முதல் ராத்திரியே இரண்டு பழைய பேன் ஓட்டியவன். நாலாம் தேதி மத்தியானம் பேட்டரியும் படுத்துவிட்டது. அன்று காலையில் நான் பட்ட பெருமைக்கு ஆயுள் அவ்வளவுதான்.

இப்போது வீட்டில் சட்டம் இதுதான்: கரண்ட் போனால் ஒரு பேன், இரண்டு பல்பு, போன். டி.வி. கிடையாது.

அடுப்பும் பாலும் மருந்தும்

இயற்கை விவசாயிக்கு இந்தப் பக்கம் கவலை குறைவு. இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணம் போதும். ஒரு குடும்பத்துக்குச் சமைத்துவிடலாம். எங்கள் வீட்டில் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. கொல்லையில் கவிழ்ந்து கிடந்த ஆட்டுக்கல்லையும் அம்மியையும் கழுவி உள்ளே எடுத்தோம். அரைக்காமல் சாப்பிட அவல், குதிரைவாலி, கருப்பட்டி, கருவாடு எல்லாம் நம் ஊர்ப் பொருள்தான். விறகையும் தீவனத்தையும் மட்டும் மேட்டில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

பால் வண்டி வராது. பீய்ச்சாமல் விட்டால் மடி வீங்கும். கறந்து உறை ஊற்றி, கடைந்து, வெண்ணெயை உருக்கி நெய்யாக்கி வைத்தால் கெடாது. மோரை அக்கம்பக்கம் கொடுங்கள். பன்னிரண்டு குடம் தண்ணீருக்கு நான் திருப்பிக் கொடுத்தது அந்த மோரும் ஒரு சொம்பு நெய்யும்தான்.

பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் நம்ப வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஈர மண்பானைக்குள் சின்னப் பாத்திரம் வைத்து அதில் இன்சுலினை வைக்கலாம். மருந்து நனையக் கூடாது. மழை ஈரத்தில் பானை வெயில் நாள் அளவுக்குக் குளிராது என்றாலும், அறைச் சூட்டைவிடப் பரவாயில்லை. மற்ற மாத்திரைகள் பதினைந்து நாளுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பணம், காகிதம், போன்

வங்கியில் வேலை பார்த்தவனே சொல்கிறேன்: மழைக்காலத்தில் வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். கரண்டும் டவரும் போனால் ஏ.டி.எம். இல்லை, ஜி-பே இல்லை. அதுவும் ஐம்பது, நூறு ரூபாய்த் தாளாக இருக்க வேண்டும். ஐந்நூறுக்குச் சில்லறை தர அன்றைக்கு ஆள் இருக்காது.

பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது, பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். புயலுக்கு முந்தின நாள் பயிரையும் மாட்டையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். தனி வயல் சேதத்துக்குக் காப்பீட்டில் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். போன் செத்துக் கிடந்தால் அந்த நேரம் ஓடிவிடும். பேட்டரி போட்ட ரேடியோ ஒன்று நாற்பது மணி நேரமும் பேசும்; போன் அப்படிப் பேசாது.

கரண்ட் வந்த பிறகு

கரண்ட் போனதும் மெயினை அணைத்து விடுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். ஒரு பல்பைப் போட்டுப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு மற்றதைப் போடலாம். தண்ணீர் புகுந்த மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடவே கூடாது. அறுந்து கிடக்கிற கம்பியில் கரண்ட் இல்லை என்று நினைத்து வரப்பில் நடக்காதீர்கள், மாட்டையும் விடாதீர்கள். மின்னகம் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் எண் 1077. சுவரில் எழுதி வையுங்கள்.

எப்போது எதைச் செய்வது?

ஆவணி, புரட்டாசியில்: கிணற்று வலைக்குக் கதவு, கப்பி, புதுக் கயிறு. தரைத் தொட்டியைக் கழுவுதல். கூரைக் குழாய்க்கு வால்வு. ஊர் அடிபம்பு. வீட்டுக்கும் கம்பிக்கும் மேல் சாய்கிற கிளையை, மின்வாரியத்தில் சொல்லி, வெட்டுதல்.

பாம்பனில் கூண்டு ஏறிய அன்று: தொட்டி, டிரம், அண்டா எல்லாம் நிரப்புதல். பேட்டரி, போன், டார்ச் சார்ஜ். மருந்து, ரொக்கம், தீவனம். மாட்டை அவிழ்த்துவிடும்படி கட்டுதல்.

கரண்ட் போனதும்: மெயினை அணைத்தல். தண்ணீரை அளந்து செலவழித்தல். பக்கத்தில் வயதானவர், நோயாளி, கைக்குழந்தை உள்ள வீட்டை எட்டிப் பார்த்தல்.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போனபோது எனக்கு ஆறு வயசு. அந்த நாளைப் பற்றி எங்கள் அப்பத்தா சொல்வதெல்லாம் காற்றையும் கடலையும் பற்றித்தான். கரண்ட் இல்லாமல் கஷ்டப்பட்டோம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, ஏனென்றால் அவர் வீட்டில் கரண்டே கிடையாது. கிணற்றில் கப்பி இருந்தது.

அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. என் மோட்டார் இன்றைக்கும் ஓடுகிறது. போன கார்த்திகையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது, அடுத்த தோட்டத்து அம்மாவின் கிணற்றுக் கயிறு அறுந்துவிட்டது. குடத்தோடு வந்து நின்றார். கதவைத் திறந்து இறைத்துக் கொடுத்தேன். "பன்னண்டு கொடத்துக்குப் பன்னண்டு சரியாப் போச்சு சார்" என்று சிரித்தார். வட்டி பாக்கி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.